வியர்க்கும் ஊரில் முதல் ஃபுல் மாரத்தான்

இணையத்தில் கிடைக்கும் மாரத்தான் பயிற்சி அட்டவணைகளில் பெரும்பாலானவை குளிர் ஊர்க்காரர்கள் எழுதியவை. சனிக்கிழமை காலை நிதானமாக எழுந்து, காபி குடித்து, எட்டரை மணிக்குக் கிளம்பி இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வரச் சொல்கின்றன. சென்னையில் எட்டரை மணிக்கு முனைக்கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வந்தாலே முதுகு நனைந்துவிடும். நான் அந்த அட்டவணைகளில் ஒன்றை எடுத்து, நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் என் வீட்டுக்கும் ஏற்றபடி வெட்டி ஒட்டித்தான் முதல் ஃபுல் மாரத்தானை முடித்தேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, வங்கி வேலை, பள்ளிக்குப் போகும் பிள்ளை. முடிக்க எடுத்தது ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வேகமாக ஓடுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மெதுவாக ஓடுகிறவர்களுக்கு, அதுவும் வியர்த்துக் கொட்டும் ஊரில் ஓடுகிறவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. சென்னை மாரத்தானில் ஃபுல் ஓடுகிறவர்கள் விடியற்காலை நான்கு மணிக்கு நேப்பியர் பாலத்திலிருந்து கிளம்புகிறார்கள். ஜனவரி தொடக்கத்தில் இங்கே சூரியன் உதிப்பது ஏறக்குறைய ஆறரைக்கு. மூன்றரை மணி நேரத்தில் 42.195 கிலோமீட்டரை முடிப்பவர் ஏழரைக்குப் பதக்கம் வாங்கி வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடுவார். அவர் பார்த்த வெயில் ஒரு மணி நேரம், அதுவும் இளவெயில். ஆறு மணி நேரம் எடுப்பவர் முடிக்கும்போது மணி பத்து. மூன்றரை மணி நேர வெயில், உடம்பு ஏற்கெனவே ஓய்ந்திருக்கும் கடைசிப் பகுதியில். ஆக, அதே நாளில், அதே சாலையில் நடப்பது இரண்டு வேறு பந்தயங்கள். முதல் முறை ஓடுகிறவர்களில் பலரும் மெதுவாகத்தான் ஓடுவார்கள். வெயிலுக்கான தயாரிப்பு அவர்களுக்குத்தான் அதிகம் வேண்டும். நான் படித்த அட்டவணைகளில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

இதற்கு முன் ஓடியே பழக்கம் இல்லாதவர் நேரடியாக ஃபுல்லுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். நான் நடையில் தொடங்கி, ஐந்து கிலோமீட்டர், பத்து, 21 கிலோமீட்டர் ஹாஃப் மாரத்தான் என்று ஏறி வர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. வாரத்துக்கு இருபத்தைந்து கிலோமீட்டராவது சில மாதம் தொடர்ந்து ஓடிய கால்களுக்குத்தான் பதினெட்டு வார அட்டவணை பொருந்தும். இதயக் கோளாறு, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தாலும் அப்படியே.

சரி, வேகத்துக்கு வருவோம். வியர்வை நம்மைக் குளிர்விப்பது அது ஆவியாகும்போதுதான். ஆகஸ்ட் மாதம் விடியற்காலையில் சென்னைக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை ஆவியாக இடமில்லாமல் முழங்கை வழியாகச் சொட்டும். உடம்பு சூட்டை வெளியேற்றத் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்ப, அதனால் இதயம் வேகமாகத் துடிக்க, ஊட்டியில் சுகமாக ஓடும் அதே வேகம் இங்கே மூச்சு முட்டும் வேகமாகிவிடும். ஆகவே கடிகாரத்தில் தெரியும் பேஸை, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்பதை, பார்த்து ஓடுவது வீண். நான் வைத்திருந்த சோதனை பதினாறாம் வாய்ப்பாடு. ஓடிக்கொண்டே வாய்விட்டுச் சொல்வேன். ஒரு பதினாறு பதினாறு, இரு பதினாறு முப்பத்திரண்டு என்று நடுவில் மூச்சு வாங்காமல் ஒவ்வொரு வரியையும் முடிக்க முடிந்தால் வேகம் சரி. வரி பாதியில் உடைந்தால் வேகம் அதிகம். வாரத்தில் ஓடும் தூரத்தில் ஐந்தில் நான்கு பங்கு இந்த வாய்ப்பாட்டு வேகத்தில்தான். எதிரில் வாக்கிங் வரும் பெரியவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மெதுவாக ஓடுவது என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு மெதுவாக என்பதில்தான் மனம் ஒப்பாது. ஒரு கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம், சில நாள் எட்டரை. வேகமாக நடப்பவர் நம்மோடு பேசிக்கொண்டே வர முடியும். அந்த வெட்கம் போக எனக்குச் சில வாரம் ஆனது.

அதோடு நடையையும் சேர்த்துக்கொண்டேன். 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஓடிய ஜெஃப் கேலோவே பரப்பிய முறை இது. களைத்த பிறகு நடக்காமல், முதல் கிலோமீட்டரிலிருந்தே இத்தனை நிமிடம் ஓட்டம், இத்தனை நிமிடம் நடை என்று வகுத்துக்கொள்வது. நான் நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்தேன். 'நடந்தா அது மாரத்தானா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முப்பதாவது கிலோமீட்டரில் அவர்களில் சிலர் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் அங்கேயும் நான்கு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தேன்.

வாரத்தில் நான்கு நாள்தான் ஓட்டம். செவ்வாய், வியாழன், வெள்ளி சிறிய ஓட்டங்கள். ஞாயிறு லாங் ரன், அதாவது வாரத்தின் நீளமான ஓட்டம். மூன்று வாரம் லாங் ரன்னை இரண்டிரண்டு கிலோமீட்டராக ஏற்றி, நான்காவது வாரம் குறைத்துவிட வேண்டும். குறைக்கும் வாரத்தைத் தாண்டிப் போகத்தான் ஆசை வரும். உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்வது அந்த வாரத்தில்தான். லாங் ரன் அதிகபட்சம் 30 அல்லது 32 கிலோமீட்டர். மீதிப் பத்தைப் பந்தயத்தன்று முதல் முறையாகப் பார்த்தால் போதும். என் வேகத்தில் 32 கிலோமீட்டருக்கே நாலே கால் மணி நேரம் ஆகிவிடும். அதற்கு மேல் பயிற்சியில் ஓடினால் கிடைக்கும் பலனைவிட தேறி வர எடுக்கும் நாட்கள் அதிகம்.

வெயிலுக்கு என்று தனியாகச் செய்தது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமைச் சிறிய ஓட்டத்தை விடியற்காலையிலிருந்து எடுத்து, விடுமுறை நாட்களில் ஏழரை மணிக்கு மேல் வைத்தேன். நாற்பது நிமிடம், மிக மெதுவாக, தொப்பியோடு. உடம்பு சூட்டுக்குப் பழகப் பத்துப் பதினான்கு நாள் தேவை. பழகிவிட்டால் வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பும் குறைவாகப் போகும். விட்டுவிட்டால் இந்தப் பழக்கம் சில வாரத்தில் கரைந்துவிடும். அதனால் டிசம்பர் கடைசியில் இந்த வெயில் ஓட்டங்களை மறுபடி சேர்த்துக்கொண்டேன். அக்கினி நட்சத்திரத்தில் இதை முயல வேண்டாம். தலைவலி, குமட்டல், வெயிலிலேயே உடம்பு சில்லிடுவது இவற்றில் எது வந்தாலும் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் உட்கார்ந்து தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். பேச்சு குழறினால், நிலை தடுமாறினால் அது ஆஸ்பத்திரி விஷயம்.

தண்ணீரைப் பற்றி நம்மிடம் இரண்டு கட்சி உண்டு. ஓடும்போது குடிக்கவே கூடாது என்பது பழைய பி.டி. மாஸ்டர் கட்சி. பார்க்கும் இடத்தில் எல்லாம் குடி என்பது புதுக் கட்சி. இரண்டாவதும் ஆபத்துதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. வெகுநேரம் ஓடுகிறவர்கள், ஓட்டத்தின்போதே எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்கள், இவர்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம் இருந்தது. மெதுவாக ஓடுகிறவருக்கு ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று குடிக்க நேரம் இருக்கிறது என்பதே ஒரு சிக்கல்.

உங்கள் அளவு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு மின்னணு எடைக்கருவி போதும். ஓடும் முன் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடி, உடம்பைத் துடைத்து, ஈரத்துணி இல்லாமல் மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை. நடுவில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு ஆகஸ்டில் மணிக்கு ஒன்றே கால் லிட்டர் போனது, டிசம்பரில் அதில் முக்கால் பங்கு. போவதை எல்லாம் ஓடும்போதே ஈடுகட்டத் தேவையில்லை. மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல், அதுவும் வாய் வாயாக என்பது எனக்குச் சரிப்பட்டது. உங்கள் கணக்கு வேறாக இருக்கும்.

உப்புக்கு ஓ.ஆர்.எஸ். பொடிதான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இருக்கும் பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு உரியது. அதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் கலக்கக் கூடாது, வயிறு புரட்டும். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு டெட்ரா பாக்கெட்டில் வந்துகொண்டிருந்த இனிப்புப் பானங்கள் வேறு சங்கதி; அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது. ஓடி முடித்த பிறகு எனக்குப் பிடித்தது உப்புப் போட்ட நீர்மோர், ஒரு சொம்பு. அதை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

சாப்பாட்டுக் கணக்கும் ஒன்று உண்டு. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குத் தோராயமாக ஒரு கலோரி செலவு. அறுபது கிலோ உடம்பு 42 கிலோமீட்டருக்கு 2500 கலோரி கேட்கும். தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்தாகச் சேமித்து வைத்திருப்பது ஏறத்தாழ 2000 கலோரிதான். கொழுப்பும் எரியும், ஆனால் மெல்லத்தான். சேமிப்பு வற்றும் இடம் முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டி வருவதால்தான் அங்கே 'சுவர்' இருக்கிறது என்கிறார்கள். அது வராமலிருக்க மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓடுகிறவர்கள் உறிஞ்சிக்கொள்ளும் இனிப்புக் கூழான ஜெல்லின் ஒரு பாக்கெட்டில் இருபது, இருபத்தைந்து கிராம் இருக்கும். ஜெல் எனக்கு இனிப்பு மருந்து மாதிரி தொண்டையில் ஒட்டியது. ஆகவே ஒரு ஜெல், அடுத்த முறை கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் மூன்று நான்கு என்று மாற்றி மாற்றி. நடை நிமிடத்தில் மென்றுகொள்ளலாம். கடலை மிட்டாய் ருசி, ஆனால் ஓடும்போது எனக்கு ஏற்கவில்லை. கடலையின் கொழுப்பு செரிக்க நேரம் ஆகும், தூள் புரையேறும். அது ஓடி முடித்த பிறகு.

முந்தின இரவு சாதம், ரசம், உருளைக்கிழங்குப் பொரியல். பருப்புக் கூட்டு, கீரை, கொண்டைக்கடலை எல்லாம் சனிக்கிழமை இரவு வேண்டாம், காரணம் ஞாயிறு விடியற்காலையில் தானே புரியும். மூன்று மணிக்கு எழுந்து ஒரு வாழைப்பழம், இரண்டு ரொட்டித் துண்டு, அரை டம்ளர் டிகாக்‌ஷன் காபி. காபி விழிப்பதற்கு மட்டும் அல்ல. வீட்டிலேயே வயிற்றைக் காலி செய்துவிட்டுக் கிளம்ப.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆண்கள் எழுதும் பயிற்சிக் குறிப்புகளில் இது வராது. விடியற்காலை நான்கு மணிக்குச் சென்னையில் ஒரு பெண் எங்கே கழிப்பறை போவாள்? என் லாங் ரன் பாதை முழுக்க இந்தக் கேள்வியை வைத்துத்தான் அமைந்தது. ஒரே நேராகப் பதினைந்து கிலோமீட்டர் போய்த் திரும்புவதை விட்டுவிட்டு, வீட்டைச் சுற்றி ஆறு கிலோமீட்டர் வட்டம் ஒன்று வகுத்துக்கொண்டேன். ஒவ்வொரு சுற்றிலும் வீட்டு வாசல் வரும். தண்ணீர் பாட்டிலை வாட்ச்மேன் மேசையில் வைத்துவிடலாம், தேவைப்பட்டால் மேலே போய்விட்டும் வரலாம். வெளிச்சம் எந்தத் தெருவில் இல்லை, நாய்கள் எந்த முனையில் என்பதும் மனப்பாடம் ஆகிவிடும். சலிப்பாக இருக்காதா என்று கேட்டால், இருக்கும். நாற்பத்திரண்டு கிலோமீட்டரில் சலிப்பும் ஒரு பாடம்தானே.

நாய்களைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும், கண்ணைப் பார்க்காமல். ஓடினால் துரத்தும், நின்றால் முக்கால்வாசி நேரம் குரைத்துவிட்டுப் படுத்துவிடும். கடித்துவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நான் ஓடியதில்லை. லைவ் லொகேஷன் கணவருக்கு. அவர் தூங்கிக்கொண்டுதான் இருப்பார் என்பது வேறு விஷயம்.

வட்டம் சலித்த ஞாயிறுகளில் குழுவோடு ஓடினேன். சென்னை ரன்னர்ஸ் அமைப்புக்கு நகரின் பல பகுதிகளில் குழுக்கள் உண்டு. அவரவர் பேட்டையில் விசாரித்தால் ஆள் கிடைப்பார்கள். மெரினா சர்வீஸ் சாலையிலும் பெசன்ட் நகர்ப் பக்கமும் ஞாயிறு விடியலில் ஓடுகிறவர்கள் கூட்டம் இருப்பதால் பயமும் இல்லை. குழுவில் இருந்த ஒரு மூத்த அக்கா, அறுபதை நெருங்குபவர், ஒருநாள் என்னிடம், "வாட்ச்சை மூணு நாளைக்குப் பீரோல வெச்சுட்டு ஓடு, அப்புறம் வந்து பேசு" என்றார். அவரைவிடப் பெரிய பயிற்சியாளர் எனக்கு வாய்க்கவில்லை.

இப்போது மழை. ஜனவரி மாரத்தானுக்குப் பயிற்சி செய்கிற எவரும் தப்ப முடியாதது வடகிழக்குப் பருவமழை. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொட்டுகிறது. அட்டவணையில் நீளமான ஓட்டங்கள் எல்லாம் சரியாக அதே மாதங்களில். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தபோது என் 30 கிலோமீட்டர் வாரம். எங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை, தெருவில் முழங்கால் தண்ணீர், லிஃப்ட் நின்றுபோய், கேன் தண்ணீரை மாடிக்குத் தூக்கினோம். அதுதான் அந்த வாரப் பயிற்சி. விட்டுப்போன லாங் ரன்னை அடுத்த வாரத்தோடு கூட்டி ஓட வேண்டாம், விட்டது விட்டதுதான். ஒன்றிரண்டு லாங் ரன் தவறினால் மாரத்தான் கெட்டுப்போகாது. அவசரப்பட்டு ஈடுகட்டப் போய்க் காலைக் கெடுத்துக்கொண்டவர்களைக் குழுவில் பார்த்திருக்கிறேன்.

தூறலில் ஓடலாம், சுகமாகவே இருக்கும். தேங்கிய தண்ணீரில் கால் வைக்கவே கூடாது. திறந்த சாக்கடை மூடியும் அறுந்து விழுந்த கம்பியும் தண்ணீருக்கு அடியில் தெரியாது. நல்ல மழை நாட்களில் அடுக்ககத்தின் கார் நிறுத்தும் தளத்தில் தூண்களைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஒரு நாளில் காய்ந்துவிடும். வெயிலில் வைத்தால் அடியில் ஒட்டு விட்டுப்போகும். மழைக்காலத்துக்கு மட்டுமாவது இரண்டு ஜோடி இருப்பது நல்லது.

ஷூவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மாலையில் போய் வாங்குங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், இல்லாவிட்டால் நகம் கறுக்கும். கார்பன் தகடு வைத்த விலையுயர்ந்த ஷூக்கள் நம் வேகத்துக்குத் தண்டம். ஐந்நூறிலிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்குள் ஒரு ஜோடி ஓய்ந்துவிடும். பருத்தி சாக்ஸ் வேண்டாம், பருத்தி டி-ஷர்ட்டும் வேண்டாம். வியர்வையை உறிஞ்சிக் கனத்து உராயும். அக்குள், தொடை, உள்ளாடைப் பட்டி படும் இடம், இங்கெல்லாம் வாசலின். தேங்காய் எண்ணெய் ஒரு மணி நேரத்தில் வியர்வையோடு போய்விடுகிறது. ஆண்கள் மார்புக்காம்பில் ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள். சிரிக்கிறவர்கள் இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் ரத்தக் கறையோடு வருவார்கள்.

பெண்களுக்கு இன்னொன்று. பயிற்சியின் நடுவில் காரணம் இல்லாமல் ஓய்ச்சலாக இருந்தது, தூங்கினாலும் தீரவில்லை. ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் எல்லைக்கோட்டில், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மிகக் குறைவு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அப்படி இருக்க, மாதவிலக்கும் நெடுந்தூர ஓட்டமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையோடு, காபியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைத்தேன். இரண்டு மாதத்தில் படிக்கட்டில் மூச்சு வாங்குவது நின்றது. பயிற்சி தொடங்கும் முன்பே ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

வலுப்பயிற்சி வாரத்துக்கு இருமுறை, வீட்டிலேயே இருபது நிமிடம். தோப்புக்கரணம், படி ஓரத்தில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, ஒற்றைக்காலில் நின்று பல் துலக்குவது. முழங்கால் வலிக்கு முழங்காலைக் குறை சொல்வோம். பல சமயம் இடுப்புத் தசைதான் சோம்பேறி. எந்த வலியோடு ஓடலாம், எதோடு கூடாது என்பதற்கு எனக்குச் சொல்லப்பட்ட அளவுகோல் எளிது: வலி நடையை மாற்றினால், நொண்ட வைத்தால், ஓட்டம் இல்லை. ஒரே புள்ளியில் எலும்பை அழுத்தினால் வலிக்கிறது என்றால் மருத்துவரிடம்.

இதையெல்லாம்விடக் கடினமானது ஒன்பது மணிக்குத் தூங்குவது. ஓடுவதற்கு நேரம் எப்படிக் கிடைத்தது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். காலை நேரம் எப்போதும் இருக்கிறது, இரவை விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஐப்பசியில் வரவேற்பு நிகழ்ச்சிகள், தீபாவளி, பிள்ளையின் தேர்வு. அத்தைக்கு முதலில் பிடிக்கவில்லை. "ஏம்மா, விடியறதுக்குள்ள இப்படி ஓடறியே, யாராவது துரத்தறாங்களா?" என்றார். பிறகு சனிக்கிழமை இரவு மாவு அரைப்பதைத் தானே எடுத்துக்கொண்டார். ஞாயிறு காலைச் சமையல் கணவர் பொறுப்பு என்று பேசி முடித்த பிறகுதான் நான் பதிவுக் கட்டணம் கட்டினேன். குடும்பத்தோடு பேசி முடிக்காமல் அட்டவணை போடாதீர்கள். எட்டாவது வாரத்தில் சண்டை வரும்.

மார்கழி பிறந்ததும் எல்லாம் சுலபமாயிற்று. நாலரை மணிக்கே வாசல் விளக்குகள் எரிகின்றன. கோலம் போடும் பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறார்கள், கோயில் ஒலிபெருக்கி பாடுகிறது, காற்றில் ஈரம் குறைந்திருக்கிறது. ஆகஸ்டில் கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் கேட்ட அதே வாய்ப்பாட்டு வேகம் இப்போது ஏழே முக்காலுக்கு வந்துவிட்டது. வெயில் மாதங்களில் பட்ட பாட்டின் பலன் இங்கேதான் கைக்கு வருகிறது. ஆகஸ்டில் மனம் தளர்ந்து விட்டுவிடுபவர்கள் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

கடைசி மூன்று வாரம் டேப்பர். தூரத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசி வாரம் வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவருவது. இல்லாத வலிகள் எல்லாம் அப்போது வரும். கணுக்கால், தொண்டை, பல்வலி கூட. கண்டுகொள்ளாதீர்கள். ஓட்டத்துக்கு முந்தின இரவு தூக்கம் வராது, அதற்கு முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தால் போதும்.

ஓட்டத்தன்று முதல் பத்துக் கிலோமீட்டரில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். கடற்கரைச் சாலையில் இருட்டு, குளிர்ந்த காற்று, மேளச் சத்தம். கால்கள் பறக்கத் துடிக்கும். நான் வாய்ப்பாடு சொன்னேன். ஹாஃப் தூரத்தை எட்டும் முன்பே வெளிச்சம் வந்துவிட்டது. தொப்பியைக் கடைசி வரை நனைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு கோப்பை குடிக்க, ஒரு கோப்பை தலைக்கு. ஈ.சி.ஆரில் முப்பத்து நான்கைத் தாண்டிய பிறகு நிழலே இல்லை. தொடைத் தசை இழுக்கத் தொடங்கியது. நான்குக்கு ஒன்று என்பதை இரண்டுக்கு ஒன்றாக மாற்றினேன். ஒரு தண்ணீர்ப் பந்தலில் பள்ளிச் சீருடையில் ஒரு பையன், "ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம்தான்" என்றான். இன்னும் ஏழு கிலோமீட்டர் இருந்தது. அவன்மேல் கோபமே வரவில்லை. பக்கத்தில் ஒருவர் வலி மாத்திரை நீட்டினார், வேண்டாம் என்றேன். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

முடிந்ததும் உட்காராதீர்கள், பத்து நிமிடம் நடங்கள். மணி பத்து ஆகப்போகிறது, நிழல் தேடிப் போங்கள். உப்பும் தண்ணீரும் சாப்பாடும் கொஞ்சம் கொஞ்சமாக. சிறுநீர் காபி நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவரிடம். இரண்டு வாரம் ஓட்டம் வேண்டாம், நடை போதும். மறுநாள் திங்கட்கிழமை வேலைக்கு விடுப்பு முன்பே சொல்லிவிடுங்கள். மாடியில் வீடு என்றால் ஏறுவது பெரிய சிரமம் இல்லை, இறங்குவதுதான். இரண்டு நாளைக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குங்கள், வாட்ச்மேன் கேட்டால் மாரத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.